நான் குறித்துத் தராத நாள்

பென்னலூர்,
15.04.2026, புதன்கிழமை,
பராபவ ஆண்டு, சித்திரை 2.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதத்தை நீ படிக்கும் வேளையில் நீயும், உன் வயிற்றில் வளர்வதும், மாப்பிள்ளை இளம்பரிதியும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். இங்கே நாங்கள் நால்வரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம்; மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு விசா 07.04.2026 செவ்வாயன்று வந்துவிட்டது. முப்பதாம் தேதி வியாழக்கிழமைக்கு உன் தம்பி வெங்கடேசன் டிக்கெட் எடுத்திருக்கிறான். அன்றைய நாள் எப்படி என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மா சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறாள், வடகம் இந்த வெயிலில் இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. உனக்கென்று வாங்கிய பருத்திப் புடவைகள் மூன்றையும் நான்கு முறை அலசி மெதுவாக்கியிருக்கிறாள், குழந்தையைச் சுற்றி வைக்க. தெருவில் மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கண்டெய்னர் லாரிகள் உள்சாலை வழியாக வருகின்றன, வீட்டில் எதைத் தொட்டாலும் புழுதி. எழுதி முடித்ததும் வெங்கடேசன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். மூலத்தைத் தபாலிலும் சேர்ப்பேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று நாளாக முயன்றேன், ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் முன்பே போனை வைத்துவிட்டேன்.

நீ 12.04.2026 ஞாயிறன்று உன் அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதால் ஆபரேஷன்தான் என்று அங்குள்ள மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டதாகவும், மே மாதம் 11, 13, 15 ஆகிய மூன்று நாட்களில் ஒன்றை இம்மாதம் இருபதாம் தேதிக்குள் சொல்லச் சொன்னதாகவும், "அப்பாவையே பார்த்துச் சொல்லச் சொல்லும்மா, அவரு குறிச்சுக் கொடுத்தா எனக்குத் தைரியம்" என்றும் சொல்லியிருந்தாய். அதற்கு முன் ஏப்ரல் 3 அன்று (நீ 'போன வாரம்' என்கிறாய், அது அதற்கும் முந்தைய வாரம்) அடிவயிறு இறுகி இறுகி விடுவதாகச் சொன்னபோது, வெங்கடேசனை விட்டு உன்னை உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னவன் நான்தான். போனாய், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். "வீணா எல்லாரையும் அலைய வெச்சுட்டேன், இனிமே செக்கப்புக்கே போய்க்கறேன், வெக்கமா இருக்கு" என்று அதே செய்தியில் சிரித்தாய். அந்தச் சிரிப்பும், அந்தத் தைரியம் என்ற சொல்லும்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன. இரண்டில் எது என்னை அதிகம் பயமுறுத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கவி, உன் தம்பியின் குழந்தை இறந்த செய்தியை நான் உனக்குச் சொன்னது 24.11.2025 திங்கட்கிழமை மாலை. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது, யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றேன். அது பொய். நீயும் அப்போது நாலாவது மாதம், உனக்குத் தெரிய வேண்டாம் என்று உன் அம்மா சொன்னாள் என்பது உண்மைதான், ஆனால் நான் அந்தச் சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன் என்பது அதைவிட உண்மை. "நீங்க மனசு ஒடஞ்சிடாதீங்கப்பா" என்று நீ அன்று எனக்கு ஆறுதல் சொன்னாய். எனக்குச் சேராத அந்த ஆறுதலை ஐந்து மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததைத் தேதிவாரியாக எழுதுகிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

மாரிசெல்வி எப்படிப்பட்ட பெண் என்பது உனக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்து, வெங்கடேசனைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவள். ஏழாம் மாதம் முடியும்வரை லைனில் நின்று வேலை செய்தாள். விடுப்பில் வீட்டிலிருந்த நாட்களில், மதியம் ஒன்று இருபதுக்கு இரண்டாம் ஷிஃப்டு பஸ் நம் தெருமுனையில் வந்து நீளமாக ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் ஏறிப் போன அதே பஸ், அதே டிரைவர். சத்தம் கேட்டதும் குழந்தை உதைக்குமாம். "வேலைக்கு நேரமாயிட்டுன்னு துடிக்கி மாமா, இதுக்கும் இப்பமே ஒரு ஐடி கார்டு வாங்கிருவோம்" என்பாள். உன் அம்மா அந்த நேரத்துக்குச் சரியாகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வருவாள். ஒரு நாளும் தவறியதில்லை. கடிகாரம் பார்த்தே வாழ்ந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

18.11.2025 செவ்வாயன்று மருத்துவரிடம் போனோம். குழந்தை தலை மேலாகவே இருக்கிறது, இனித் திரும்பாது, ஆபரேஷன் செய்துவிடலாம், 24 முதல் 30 வரை எந்த நாள் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நாற்பத்தோரு ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் நான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலம் கைமாறிய காலத்தில் ஒரு தேதிப் பிழையால் செல்லாமல் போன ஆவணங்களைக் கண்ணால் பார்த்தவன். பதிவுக்கு மட்டுமல்ல, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும், இப்போது பத்துப் பதினைந்து வருடமாக ஆபரேஷனுக்கும் ஊரே என்னிடம்தான் நாள் கேட்டு வரும். அந்தப் பெருமையோடு பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் உட்கார்ந்து, 26.11.2025, கார்த்திகை 10, புதன்கிழமை, வளர்பிறை சஷ்டி, திருவோண நட்சத்திரம், காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் என்று குறித்து, ஆஸ்பத்திரி ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதினேன். அதற்குக் கீழே மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் என் கையாலேயே எழுதினேன்.

22.11.2025 சனிக்கிழமை, ஒன்று இருபது. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயிற்று. மாரிசெல்வி கூடத்தில் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கொஞ்சம் வெல்லம் போட்டுக் காப்பி குடித்தாள், இடப்பக்கமாகப் படுத்துப் பார்த்தாள், மூன்று மணிக்கு என்னிடம் வந்து, "பஸ்ஸு வந்துட்டுப் போயிட்டு மாமா, பிள்ள அசையவே இல்ல, எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. நான் பஞ்சாங்கத்தைத் திருப்பினேன். கவி, அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தேன். அன்று மாலை நாலே முக்கால் வரை கேட்டை, அதன்பின் மறுநாள் இரவு வரை மூலம். இப்போது போனால் அவர்கள் சும்மா அனுப்பமாட்டார்கள், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்பார்கள், கேட்டையிலோ மூலத்திலோ ஒரு பிள்ளை பிறந்து அது ஆயுள் முழுக்க அந்தப் பெயரைச் சுமக்கும் என்று எண்ணினேன். குறித்த நாளுக்கு நான்கே நாள்தானம்மா, ஒன்பதாம் மாதத்தில் இடம் நெருக்கமாக இருக்கும், பிள்ளைகள் அடங்கிக் கிடக்கும், திங்கட்கிழமை காலையில் போவோம் என்றேன். மிகவும் அன்பாகத்தான் சொன்னேன். அதட்டியிருந்தால்கூட அவள் என்னை மீறிப் போயிருப்பாளோ என்னவோ.

அவள் வெங்கடேசனுக்கு ஐந்து முறை போன் செய்திருக்கிறாள். ஒரகடத்தில் அவன் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அன்று அவனுக்கு ஓ.டி. வேறு. மாலையில் எதிர்வீட்டு மஞ்சுளா கீரை கொடுக்க வந்தவள் மாரிசெல்வியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "இன்னா பெரீப்பா, நாளு நட்சத்திரம் பாத்துகினு குந்திகினு கீற, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு, ஆட்டோவக் கூப்பிடட்டுமா" என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் தெரியாது, உன் வேலையைப் பார் என்றேன். எட்டரை மணிக்கு வெங்கடேசன் வந்தான், கேட்டான், என்னைப் பார்த்தான், நான் திங்கட்கிழமை என்றேன், அவனும் தலையாட்டினான். எதிர்த்துப் பேச நான் அவனைப் பழக்கவில்லை. அந்த ஃபைல் என் மேசைமேல்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்து, இப்படி இருக்கிறது, வரலாமா என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால் வரச் சொல்வார்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

23.11.2025 ஞாயிறு காலை நான் எழுந்தபோது வாசலில் மாரிசெல்வியின் செருப்பு இல்லை. ஐந்தே முக்காலுக்கு, யாரையும் எழுப்பாமல், மஞ்சுளாவை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போயிருந்தாள். நானும் உன் அம்மாவும் வெங்கடேசனும் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு பத்து. ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். துடிப்பு இல்லை. அந்தப் பெண் மருத்துவர் மெதுவாக, "நேத்து மத்தியானமே அசைவு இல்லன்னு தெரிஞ்சிருக்கே, அப்பவே ஏன்மா வரல" என்று கேட்டார். அந்த அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மாரிசெல்வி யாரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வண்டி கிடைக்கல டாக்டர்" என்றாள். எனக்காக அவள் சொன்ன பொய் அது. அதற்குப் பிறகு நான் உனக்குச் சொன்னதும் பொய்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பகல் பதினொன்று நாற்பதுக்குக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு, தலை நிறைய முடி. நான் எதைத் தவிர்ப்பதற்காக அந்தத் தாயைத் தடுத்து நிறுத்தினேனோ, அதே மூல நட்சத்திரத்தில்தான் அது வந்தது. முந்தைய நாள் வந்திருந்தால் அதே மூலத்தில் அது உயிரோடு வந்திருக்கும், நானும் ஏதாவது ஒரு பரிகாரம் சொல்லிக்கொண்டு அதைத் தூக்கித் திரிந்திருப்பேன். நிச்சயமாகப் பிழைத்திருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, பார்த்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குள் நான் தினமும் நுழைந்து வெளியே வர வழி தெரியாமல் திரிகிறேன்.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நீ. நீ பிறந்தது 10.08.1993, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, தேய்பிறை அஷ்டமி. உன் அம்மா மணிமங்கலத்தில் தாய்வீட்டில் இருந்தாள். உனக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள், எட்டாம் தேதியிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டைவிட்டு வெளியே கிளம்ப வேண்டாம் என்று நான் கடிதம் எழுதியிருந்தேன். அன்று காலை உன் அம்மா, வலி இல்லை ஆனால் ஏதோ சரியில்லை என்று சொல்லி, தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே தாம்பரம் போய்ச் சேர்ந்தாள். நீர் குறைந்து போயிருந்தது, சாயங்காலத்துக்குள் நீ பிறந்துவிட்டாய். செய்தி கேட்டு மூன்று நாள் கோபமாக இருந்தேன், ஆடிச் செவ்வாய் அஷ்டமியில் என்னைக் கேட்காமல் போனாள் என்று. போன நவம்பரில் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் உன் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அன்னைக்கு நான் உன் லெட்டரப் படிக்கவே இல்ல, தெரியுமா உனுக்கு, படிச்சிருந்தா போயிருக்க மாட்டேன்." முப்பத்திரண்டு வருடம் கழித்துச் சொன்னாள்.

மாரிசெல்வி 30.11.2025 முதல் 31.01.2026 வரை தாய்வீட்டில் இருந்தாள். திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தேன், வந்தாள். 02.02.2026 திங்கள் முதல் மறுபடியும் வேலைக்குப் போகிறாள், அதே பஸ். எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். போன ஞாயிறு வரை அவளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறன்று உன் குரல் செய்தியை உன் அம்மா கூடத்தில் வைத்துக் கேட்டபோது அவளும் இருந்தாள். நான் பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் போனேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இவ்வளவுக்குப் பிறகும் என் கை பஞ்சாங்கத்தைத் தேடிற்று. அவள் வந்து அலமாரிக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "மாமா, மதினிக்கு நாள் குறிச்சுக் குடுத்திராதிய" என்றாள். பிறகு, "நீங்க குறிச்சா அந்த நாள் வரைக்கும் பொறுத்துக்கிடுவாவ. நானும் அப்பிடித்தான் பொறுத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சுது மாமா, பஸ்ஸு போனப்பமே எனக்குத் தெரிஞ்சுது, ஆனா நீங்க இவ்வளவு படிச்சவிய சொல்லும்போது நமக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கும்னு நெனச்சுட்டேன்" என்றாள். ஐந்து மாதத்தில் அவளாக என்னிடம் பேசியது அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தேன், அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே கவி, நீ கேட்ட நாளை நான் குறித்துத் தர மாட்டேன். 11, 13, 15 ஆகிய மூன்று நாட்களுக்கும் என்ன திதி, என்ன நட்சத்திரம் என்று நான் பார்க்கவில்லை, புது ஆண்டின் பஞ்சாங்கத்தை இந்த முறை வாங்கவும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உன் மருத்துவருக்கும் எது வசதியோ அதைச் சொல். சொன்ன பிறகு அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்காதே. நாளைக்கே உனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் நாளைக்கே போ. இரத்தம் ஒரு துளி பட்டாலும், குழந்தை வழக்கமாக அசையும் நேரத்தில் அசையாமல் இருந்தாலும், காரணமே சொல்லத் தெரியாமல் மனம் மட்டும் அடித்துக்கொண்டாலும் போ. அடுத்த செக்கப் 22ஆம் தேதி என்று காத்திருக்காதே. ஏப்ரல் 3 அன்று போனது போலப் பத்து முறை போய்ப் பத்து முறையும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால், பதினோராவது முறையும் போ. அங்குள்ளவர்கள் சலித்துக்கொள்ளட்டும், நீ வெட்கப்படாதே. வீட்டில் வெட்கப்பட வேண்டியவன் ஒருவன் இருக்கிறான், அது போதும். மாப்பிள்ளை பொறு என்றாலும், உன் அம்மா அங்கே வந்த பிறகு அவள் பொறு என்றாலும், நான் போனில் அழுது பொறு என்றாலும் கேட்காதே. குறிப்பாக என்னைக் கேட்காதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கச் சொல், காரை இரவிலும் வாசலிலேயே நிறுத்தச் சொல், அவர் அலுவலகத்தில் போனை எங்கே வைக்கிறார் என்று கேட்டு வை.

இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் என்ன தோன்றுகிறதோ அது தோன்றட்டும். நான் வேறு விதமாக நினைக்கும்படி உன்னைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. வெங்கடேசன் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மஞ்சுளா கீரையை உன் அம்மா கையில் மட்டும் கொடுக்கிறாள். ஜனவரியில் மேல்வீட்டுக் காசிராஜன் தன் மனைவியின் பிரசவ ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வந்தான், மருத்துவரையும் உன் மனைவியையும் கேள் என்று திருப்பி அனுப்பினேன், அவனும் ஏதோ போல என்னைப் பார்த்துவிட்டுப் போனான். எழுபத்திரண்டு வயதில் இனி நான் திருந்தி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று பல நாள் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தால் உனக்கு ஒன்று ஆனால், நீ ஒரே ஒரு முறை தயங்காமல் கிளம்பினால், அது போதும் என்றும் சில நேரம் தோன்றுகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று இருபது பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மாரிசெல்வி வயிற்றில் கை வைக்கவில்லை, பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் இன்னும் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் எழுந்து நிற்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் அவர் பெற்றோருக்கும் எங்கள் அன்பைச் சொல். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, கைக்குழந்தையோடு இந்த வாசலுக்கு வர வேண்டும், அந்த ஒன்றைத் தவிர எந்தத் தெய்வத்திடமும் நான் எதையும் கேட்கவில்லை. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். குழந்தை பிறந்ததும் வழக்கம்போல நாள், மணி, நிமிடம் எல்லாம் குறித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று நினைப்பாய். வேண்டாம் கவி, அவை எனக்கு வேண்டாம். அழுததா என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
பெ. ரகுபதி.